ஓட்டை இல்லாத கத்திரிக்காய்

வனிதா ஒரு வாய் சோறு சாப்பிட என்ன விலை என்று அன்று காலை யாராவது கேட்டிருந்தால், ஒரு லோடு தக்காளி என்று மோகனசுந்தரம் பேரம் பேசாமல் சொல்லியிருப்பார். வேலந்தாவளத்தில் இருபது வருஷமாகக் காய்கறி மண்டி வைத்திருப்பவர். மாமனாரிடமே கொத்தமல்லிக்குக் காசு வாங்கினவர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு விலை வருகிறதென்றால் நிலைமை அவ்வளவு மோசம்.

டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய பெண்டாட்டி வனிதாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ருசி மட்டும் வீடு திரும்பவில்லை. கஞ்சி கசந்தது, இட்லி கசந்தது, புருஷன் முகமும் கசந்தது. நாளைக்கும் சாப்பிடாவிட்டால் மறுபடி படுக்க வைத்து டிரிப்ஸ்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிப் பை இன்னும் பிரிக்காமலே கட்டில் ஓரத்தில் இருந்தது.

அப்போதுதான் வனிதாவே வாயைத் திறந்தாள். "ஏனுங்க, கத்திரிக்காயைச் சுட்டுக் கடைஞ்சு, சின்ன வெங்காயம் அரிஞ்சு போட்டு, சோத்துல பெசஞ்சு குடுத்தா ரண்டு வாய் திம்பனுங்க."

"அதென்ன பெரிய காரியமா?" என்றார். இந்த ஒரு பேச்சுக்கு அவர் பட்ட பாடு மத்தியானம் வரைக்கும் ஓயவில்லை.

மண்டிக்குப் போய் மூன்று காய் பொறுக்கி வந்தார். ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு. தூக்கிப் பிடித்தால் தோலில் டியூப்லைட் தெரிந்தது.

"கத்தி நுனியில நாலஞ்சு குத்துக் குத்தீட்டு அடுப்புல வையுங்க," என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

கத்தியை எடுத்தார். கை போகவில்லை. ஓட்டை விழுந்த கத்திரிக்காய் என்றால் உள்ளே புழு. புழு என்றால் மாட்டுக்கு. இத்தனை வருஷமாக அப்படித் தூக்கி எறிந்து பழகின கை, முதல் தரச் சரக்கில் தானே ஓட்டை போடுமா? அப்படியே பளபளவென்று கேஸ் அடுப்பில் வைத்தார்.

"குத்தினீங்களா?"

"குத்தீட்டேன், குத்தீட்டேன்."

காய் கறுத்தது, உப்பியது. வெங்காயம் எடுக்கத் திரும்பியதால் முகம் தப்பித்தது. டமார்! பாதி சீலிங்கில், பாதி காலண்டர் முருகன் மேல்.

மாடியில் குடியிருக்கும் ஜிபின் படியில் தடதடவென்று இறங்கி வந்தான். "அண்ணா, சிலிண்டரா?"

"கத்திரிக்கா, தம்பி."

ஜிபின் சீலிங்கைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். "வெளிய சொல்லாதீங்க அண்ணா, யாரும் நம்பமாட்டாங்க," என்று மேலே போய்விட்டான்.

"குத்தலீங்களா நீங்க?" என்றாள் வனிதா.

"ஒண்ணும் கேக்காத புள்ள!"

இரண்டாவது காய்க்குக் கொஞ்சம் இறங்கி வந்தார். காம்புக்கு அடியில், வாங்குகிறவன் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒரே ஒரு குத்து. சிம்மில் வைத்தார். வெடிக்கவில்லை. தோலை உரித்தால் கையெல்லாம் கரி, காயெல்லாம் கரி. சரக்கை இப்படியா ஒருத்தர் முன்னால் வைப்பது? குழாயைத் திறந்து, கேரட்டைக் கழுவுவது போல் அலசி, வெள்ளை வெளேரென்று கடைந்து கொண்டுபோனார்.

வனிதா நாக்கில் வைத்தாள். "கழுவினீங்களா?"

"கரி ஒட்டீட்டுப் பாக்க அசிங்கமா இருந்துச்சு..."

"சுட்ட வாசம் பூராவும் குழாயோட போச்சுங்க! நானென்ன விக்கவா கேட்டேன்? திங்கக் கேட்டேன்!" தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் பார்வை ஆஸ்பத்திரிப் பையில் போய் நின்றது.

சமையலறைக்கு வந்து, சாக்குத் தைக்கிற கோணி ஊசியை எடுத்துத் தீயில் காட்டித் துடைத்தார். மிச்சமிருந்த காயைப் பலகையில் கிடத்தி, மூன்று வருஷமாக ஏமாற்றும் கடன்காரன் கையில் சிக்கியது போலக் குத்தினார். அடுப்பில் வைத்ததும் சாறு ஒழுகி அடுப்பு அணைந்தது, பற்ற வைத்தார். மறுபடி அணைந்தது, அடுப்பைத் திட்டினார், அதைச் செய்த கம்பெனியைத் திட்டினார், கத்திரிச்செடியைக் கண்டுபிடித்தவனையும் விடவில்லை. விரலை ஊதி ஊதித் தோலை உரித்தார். குழாய்ப் பக்கம் போன கையைத் தானே இழுத்துக்கொண்டார். கரித்துணுக்கோடு கடைந்து, புளி, பச்சைமிளகாய், வெங்காயம் சேர்த்து, மேலே நல்லெண்ணெய் ஊற்றினார். மண்டியில் வைத்தால் மாடு மோந்து பார்த்துவிட்டுப் போகிற சரக்கு.

வனிதா எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, எருமை மிதிச்சாப்பல?"

ஆனாலும் ஒரு வாய் வைத்தாள். மென்றாள்.

"உப்புப் பத்தலை," என்று முகத்தைச் சுளித்து அடுத்த வாயை உருட்டினாள். "புளி வேற ஏறிப்போச்சு. ஒரு கடைசல் கடையத் தெரியாம என்ன மண்டி வெச்சீங்களோ!"

உப்பு தெரிகிறது, புளி தெரிகிறது! மோகனசுந்தரம் உப்பு டப்பாவுக்கு ஓடினார்.

தட்டு காலியானதும் பழக்கதோஷத்தில் மனசுக்குள் கணக்கை முடித்தார். வரவு, கத்திரிக்காய் மூன்று. செலவு, சீலிங்குக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று, வனிதாவுக்கு ஒன்று. டிரிப்ஸ், இல்லை. தர வேண்டியது, ஒரு லோடு தக்காளி. கேட்டு யாரும் வராததால், பாக்கி.