கோரை முளைத்த வாசல்

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது பெண்ணும் கூடப் போகிற வழக்கம் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் இல்லை. சிவசக்தி போனாள். முப்பத்து மூன்று வயதில் வழக்கம் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அவள் கேட்டதும் அப்பா இராசையா அவளுக்கும் சேர்த்து பஸ் காசு எடுத்துக்கொண்டார்.

அப்புத்தளைக்குக் கீழே சரிவில் இருந்தது மாப்பிள்ளை துஷாந்தின் புது வீடு. தோட்டத்து லயத்தில், வரிசையில் ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராவில் வளர்ந்தவளுக்குத் தனி வீடு என்றதுமே பாதி மனம் போய்விட்டிருந்தது. மாப்பிள்ளையின் போட்டோவை ஒரு முறைதான் பார்த்தாள். வீட்டின் போட்டோவை எத்தனை முறை பார்த்தாள் என்று நினைத்தால் அவளுக்கே வெட்கம்.

வாசலில் புது மணல் பரப்பியிருந்தது. அதைத் துளைத்துக்கொண்டு கோரை நின்றது, பச்சை ஊசிகளாய், நுனியில் பழுப்பு மணி கட்டி. சுவரோரம் அன்று காலை பிடுங்கிய குழிகள், ஒவ்வொன்றிலும் தண்ணீர். அடியில் நீரோட்டம் இல்லாமல் கோரை வராது என்று தோட்டத்தில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"இது என்னங்க?" என்றாள்.

"அழகுக்கு வச்சதுங்க," என்றான் துஷாந்த். "ஹோட்டல்ல எல்லாம் இப்ப இதத்தான் வைக்கிறாங்க."

"புடுங்கியிருக்கே?"

"அது... அளவா இருக்கட்டும்னு."

அளவு தெரிந்த அழகன். உள்ளே நாற்காலிகளையெல்லாம் ஒரே சுவரோடு அடுக்கியிருந்தான். அவற்றின் பின்னால் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. மறைக்கக்கூட ஒழுங்காகத் தெரியவில்லை, பாவம்.

"மாப்பிளைக்கு நல்ல ரசனை," என்றார் இராசையா. கூரை ஒழுகாவிட்டால் அவருக்கு எல்லாமே அரண்மனை.

ஈரம் அவளுக்குப் புதிதில்லை. காம்பராவில் பாயைத் தூக்கினால் பூஞ்சணம்தான். ஈரத்தோடு சேர்த்தே இவனைக் கட்டிக்கொள்ள அவள் தயார். அது புரிந்தபோது தன்மேலேயே இளக்காரமாக இருந்தது. இவ்வளவு மலிவா நான்?

துஷாந்தின் அக்கா இலை போட்டாள். மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்துவிட்டால் பெண் வீட்டுக்குச் சம்மதம் என்று அர்த்தம். இராசையா முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டார்.

சிவசக்தி நின்றபடியே சொன்னாள்: "அடியில ஊத்து ஓடுதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சாப்புடுறேன்."

"ஊத்தா? இங்கயா?" துஷாந்த் சிரித்தான். "கோரை குளிர்ச்சிங்க. வீட்டுக்கு ராசி."

அவன் முகத்தில் கொஞ்சம் பயம் தெரிந்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். இவள் நம்பிவிடுவாள் என்ற நிம்மதி மட்டுமே அதில் இருந்தது.

"எந்திரிங்கப்பா."

"சோறு போட்டாச்சே புள்ள."

"ராசியான வீடு. சாப்புட வேற ஆளு வருவாங்க."

இராசையா மகளைப் பார்த்தார். பருப்பின் மேல் நெய் உருகிக்கொண்டிருந்தது. அதையும் ஒரு முறை பார்த்தார். பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்தார்.