குறிப்பு: டியூஷன்

ஆடிட்டர் பானுமதி அந்த ஒரே வாக்கியத்தை மூன்று ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். மனநல ஆலோசகர் அனுபமா அதை மூன்று ஆண்டுகளாகக் கேட்டுவந்தாள்.

"தொழிலுக்குத் தனிக் கணக்கு ஆரம்பிங்கம்மா."

இம்முறை அவர் குரலில் பொறுமை அறவே தீர்ந்திருந்தது.

"பால், கேபிள், சீட்டு, உங்க ஃபீஸ் எல்லாம் ஒரே சாம்பாரா இருக்கு. அதுல வரவெல்லாம் 'டியூஷன்', 'டியூஷன்'னு வேற. நீங்க டியூஷனும் எடுக்கறீங்களா?"

"இல்ல மேடம். பணம் அனுப்பறவங்களைக் குறிப்புல அப்படிப் போடச் சொன்னதே நான்தான். கவுன்சலிங்னு இருந்தா யாராவது பாத்துடுவாங்களே."

"யாரு பாப்பாங்க? கணக்கு உங்க பேர்லயும் வீட்டுக்காரர் பேர்லயும்தானே இருக்கு?"

அந்தக் கேள்விக்குள்ளேயே விடை இருந்தது. அனுபமாவின் காதில் கேள்விகூட விழவில்லை. ஆடிட்டர்களுக்கே உரிய நச்சரிப்பு என்று எண்ணிக்கொண்டு, தில்லைநகரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினாள். உத்தர வீதியில், பூக்கடைக்கு மேல் மாடியில் அவளுடைய அறை. 'இங்கே பேசுவது இந்தச் சுவரைத் தாண்டாது' என்று புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் சொல்வாள். அதில் அவளுக்குச் சற்றுக் கர்வமும் உண்டு.

அன்று மாலை பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில், அவள் வார்த்த தோசையைப் பிட்டுக்கொண்டே கணவன் பாலமுரளி கேட்டான்:

"அனு, நீ எப்பலேருந்து இந்தி சொல்லிக் குடுக்கற?"

"என்ன இந்தி?"

"சீட்டுப் பணம் போயிடுச்சான்னு ஆப்பைத் திறந்தேன். எங்க ஷாப் வீரமலை அண்ணன் டியூஷன்னு பணம் போட்டிருக்காரு. 'இந்த வயசுல என் பொண்டாட்டிகிட்ட என்ன டியூஷன்ணே?'ன்னு கேன்டீன்ல கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. இந்தின்னாரு. 'அவளுக்கே ஏக், தோ தாண்டித் தெரியாதே'ன்னு அங்கேயே சொன்னேன்!"

கரண்டி கல்லின் மேலேயே நின்றது. வீரமலை ஆறு மாதமாகச் சனிக்கிழமைதோறும் வருபவர். பொன்மலைக்காரர் எவர் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காகவே, கோயிலுக்கென்று வீட்டில் சொல்லிவிட்டு ஆற்றைக் கடப்பவர். ரயில்வே பட்டறையில் வேலை என்பது அவளுக்குத் தெரியும். அதிலும் கணவன் வேலை செய்யும் அதே ஷாப், அதே பிரிவு என்பது தெரியாது. ஆமாம் என்றால் பொய்; இல்லை என்றால் துரோகம்.

"இனிமே அவர்கிட்ட இதைப் பத்திக் கேக்காதீங்க."

"ஏன்?"

"ஏன்னும் கேக்காதீங்க."

மனைவியின் தொழில் என்ன என்பது பாலமுரளிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது போலும். விண்ட தோசை தட்டுக்கே திரும்பியது.

"நாலு பேரு முன்னாடி கேட்டுத் தொலைச்சேனே!"

"தொலைச்சீங்க. வழி பண்ணிக் குடுத்தது நான்."

மறுநாள் காலை பானுமதிக்கு போன் செய்தாள்.

"தனிக் கணக்கு இன்னிக்கே ஆரம்பிக்கணும் மேடம்."

"வரி நோட்டீஸ் வந்துடுச்சா?"

"அதைவிட மோசம்."

"அப்பாடா," என்றார் பானுமதி.

சனிக்கிழமை வீரமலையின் நேரம் வந்தது, வீரமலை வரவில்லை. இனி வரவே மாட்டார் என்று அவள் முடிவு கட்டியபோது, படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் உட்காருமுன் சொல்லிவிட்டாள்:

"உங்க விஷயம் வெளியில தெரிஞ்சது என்னாலதான். கணக்குல வீட்டுக்காரர் பேரும் இருந்தது. இப்ப என் பேர்ல மட்டும் தனியா ஆரம்பிச்சுட்டேன். வேற ஆலோசகர்கிட்ட போகணும்னாலும் நானே ஏற்பாடு பண்றேன். மன்னிச்சுக்குங்க."

வீரமலை பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் போட்டார். இந்தி அரிச்சுவடி.

"கேன்டீன்ல தினம் ஒரு வாக்கியம் பேசிக் காட்டச் சொல்றானுங்கம்மா. நேத்து உங்க வீட்டுக்காரர்தான், 'அண்ணன் பரீட்சைக்குப் படிக்கிறாரு, விடுங்கடா'ன்னு காப்பாத்துனாரு. இப்ப பரீட்சை என்னிக்குன்னு கேக்கறானுங்க!"

அனுபமாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும் உரிமை தனக்கு இல்லை என்று அடக்கிக்கொண்டாள்.

"முதல் பக்கத்தையாவது சொல்லிக் குடுங்க."

"எனக்கு இந்தி தெரியாதுங்க."

"அதுவும் ஷாப் முழுக்கத் தெரியும்," என்று அலுத்துக்கொண்ட வீரமலை, எழுந்துபோய்க் கதவைத் தானே சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி. போன வாரம் எங்க விட்டோம்?"