இல்லாத கூந்தலை அலசியவன்

1

"அக்கா, இந்தத் தலைமுடி யாருது?"

"எந்தத் தலைமுடி?"

"இதோ, மூணாவது பாராவுல. 'காலைதோறும் அவளது நீண்ட கூந்தலை அவனே அலசிவிடுவான். ஈரம் சொட்டச் சொட்ட விரல்களால் கோதிவிடுவான்.' யாருக்கு இவ்வளவு முடி?"

"உனக்குத்தாம்மா."

"எட்டு வருஷமா இந்த வீட்டுல சீப்பே கிடையாது அக்கா."

இந்தக் கதை அந்தக் கேள்வியில்தான் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கேட்டவள் என் தம்பி மனைவி. அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்துபவள். யார் வாயைத் திறந்தாலும் அதில் ஒரு பிழை கண்டுபிடிப்பாள் என்பதால் தம்பி அவளுக்கு வைத்த பெயர் ஜட்ஜம்மா. முதுகுத்தண்டில் வந்த கட்டியை எடுத்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வில்லை. துவட்ட நேரம் பிடிக்கிறது என்று முடியையும் அப்போதே ஒட்ட வெட்டிக்கொண்டாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். குடும்பக் காதல் கதைகள் எழுதியே பழகியவள் நான். கூந்தல் இல்லாமல் எனக்குப் பேனா ஓடாது.

அது கதையாக இருந்திருந்தால் வம்பில்லை. அது ஒரு துண்டுப்பிரசுரம். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் உதவியாளர் படியை வெட்டப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. வீட்டில் திடமான ஒருவர் இருந்தால் இனி வெளியாள் கிடையாது என்பதுதான் புது விதி. எதிர்ப்புக் குழுவினர் என்னிடம் வந்து, "கல்லும் கரையற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார்கள்.

கல் கரைந்துவிட்டது. அதுதான் வினை. முதல் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் துறை அதிகாரி என் மூன்றாவது பாராவை உரக்க வாசித்துவிட்டு, "குடும்பமே இவ்வளவு அன்பா பார்த்துக்கும்போது நடுவுல வெளியாள் எதுக்கு?" என்று கேட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அதைத் தம்பி மனைவிக்கு வைத்துவிட்டேன்.

இரண்டாவது கூட்டம் வியாழக்கிழமை. அதற்குள் உண்மையை எழுதியாக வேண்டும். இன்று செவ்வாய்.

2

முதல் தொடக்கம்: "ஜன்னல் வழியே நுழைந்த விடியல் அவள் கன்னத்தில்..."

இல்லை. அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே இருப்பது பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

இரண்டாம் தொடக்கம்: "எந்தத் துயரையும் சிரித்தே கடக்கும் அவள்..."

(இதை அவளே அடித்துவிட்டாள். ஓரத்தில் சிவப்பு மையில்: "எப்போது சிரித்தேன்?")

மூன்றாம் தொடக்கம். சரி, அலங்காரம் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். காலையில் மணி அடிக்கும். உதவியாளர் வருவார். ஐம்பதைத் தொட்டவர். ஏழரைக்கு ஒரு நிமிடம் முன்பின் ஆகாததால் அவர் ஏழரை அக்கா. "பிடிச்சா லேசுல விடமாட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் உள்ளே நுழைந்ததும், லிஃப்ட் மெக்கானிக்கான என் தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். சிறுநீர்ப் பையை மாற்றுவது, வழுக்குப் பலகை வைத்துக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு நகர்த்துவது, குளிப்பாட்டுவது, அழுத்தம் படும் இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. இதில் எது நடக்கும்போதும் அவன் வீட்டில் இருக்கக் கூடாது. ஜட்ஜம்மா போட்ட சட்டம் அது.

எட்டரைக்கு அவன் திரும்பும்போது அவள் மேஜையருகே மெய்ப்புத் தாள்களோடு உட்கார்ந்திருப்பாள்.

"ஊர் சுத்தி முடிச்சாச்சா?"

"ஊர் நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்கு வந்தாத்தான் தலைவலி."

அன்றைய சண்டை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

4

(மூன்றைக் கிழித்துவிட்டேன். அதில் தம்பி அழுதான். அவன் அழுகிறவன் இல்லை.)

உண்மையில் இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிபடவே இல்லை. கூடப்பிறந்தவன்தான், இடுப்பில் தூக்கி வளர்த்தவன்தான். ஆனாலும் காலையில் அவன் ஏன் அவ்வளவு அவசரமாகப் படியிறங்குகிறான்? அவள் போகச் சொன்னதாலா? இல்லை, அவனுக்கே அந்த... (அந்தச் சொல்லை எழுதி அடித்துவிட்டேன். அடித்த பிறகும் தாளில் தெரிகிறது.)

போன் செய்தேன்.

"வியாழக்கிழமை வர்றியா?"

"அரைநாள் லீவு போட்டாச்சு."

"என்னடா சொல்லப் போறே?"

"கேட்டா பதில் சொல்லுவேன்."

"ஒழுங்கா யோசிச்சுச் சொல்லு."

"உன்னைவிட ஒழுங்காத்தான் சொல்வேன். என் பொண்டாட்டிக்கு விக் வெச்சவதானே நீ?"

வைத்துவிட்டான். அவளிடம் போனேன். படி அனுமதியாகும் முன்பு, முதல் மூன்று மாதம் எல்லாவற்றையும் தம்பிதான் செய்தான்.

"அப்ப எப்படிப் பார்த்துக்கிட்டான்?"

"தங்கமா."

"அப்புறம் என்னம்மா?"

அவள் பேனாவை மூடி வைத்தாள். "அந்த மூணு மாசமும் நாங்க ஒரு சண்டைகூடப் போடல அக்கா."

"நல்லதுதானே?"

"நீங்க கல்யாணம் ஆனவங்கதானே? நிமிஷத்துக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுவேன். தேங்க்ஸ் சொன்ன வாயால எப்படித் திட்டறது? அவரும் குரலைத் தாழ்த்தி, 'வலிக்குதாம்மா, திரும்பறியாம்மா'ன்னு நர்ஸ் மாதிரி பேசினார். என்னை 'அம்மா'ன்னு கூப்பிடற ஆளா அவர்? பயந்துட்டேன். ஏழரை அக்கா வந்த அன்னைக்குத்தான் மறுபடி 'அடியே'ன்னார். உள்ளே போய் அழுதேன், நிம்மதியில."

"இதை அவன்கிட்ட சொல்லியிருக்கியா?"

"என்னன்னு? உங்க கை வேண்டாம்னா? மனுஷன் உடைஞ்சு போயிடுவார்."

எட்டு வருடமாகச் சொல்லவில்லை. ஆக, வியாழக்கிழமை போகப்போவது ஒரு மணி நேர உதவி மட்டுமல்ல. இத்தனை காதல் கதைகள் எழுதிய எனக்கு இது உறைக்கவே இல்லை.

5

முடிவு அ: அரசு பணிகிறது. அறிவிப்பு வாபஸ். வாசலில் கைதட்டல். தம்பி அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெயிலில்... (என் வழக்கமான வாசகிகள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

முடிவு ஆ: படி நிற்கிறது. ஏழரை அக்கா வேறு வேலை தேடிக்கொள்கிறார். தம்பி தினமும் குளிப்பாட்டுகிறான். இருவரும் மிகுந்த மரியாதையோடு, குரல் உயராமல், பல்லாண்டு வாழ்கிறார்கள்.

இதைப் பாதி எழுதிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். திரும்பி வந்தும் எழுத முடியவில்லை.

முடிவு இ: யோசிப்பதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது.

6

மண்டபத்துக்குச் சாய்தளம் இருந்தது. சாய்தளத்தின் மேல் பூந்தொட்டிகள் இருந்தன. (கற்பனை இல்லை. ஏழு தொட்டிகள்.) ஊன்றுகோல் வைத்திருந்த ஒருவர், "நமக்குப் பூவைப் போட்டு வரவேற்பு குடுக்கறாங்கப்பா" என்றார். தொட்டிகளை நகர்த்திவிட்டு நாற்காலிகள் வரிசையாக ஏறின. தெருவெல்லாம் ஒரே கோஷம்: "தயவு வேண்டாம், ஆள் வேண்டும்!"

என் முறை வந்தது. "அந்தக் கூந்தல் பொய். அந்தக் காட்சியே நான் இட்டுக்கட்டியது" என்றேன்.

கருத்துக்கேட்புக் குழுவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "முடி பொய், சரி. அன்பும் பொய்யா?"

ஆமாம் என்றால் அது பொய். இல்லை என்றால் தோற்றோம். பத்தொன்பது நாவல் எழுதியவளுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

"அவங்க கணவர் வந்திருக்காரா?"

தம்பி எழுந்தான். வேலைச் சட்டையிலேயே வந்திருந்தான், கையில் கிரீஸ்.

"நீங்க சொல்லுங்க. உங்க மனைவியை நீங்க பார்த்துக்க மாட்டீங்களா?"

"ஆம்பளையா இருந்தா பார்த்துப்பான்" என்று பின்வரிசையில் ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். ஜட்ஜம்மா சக்கரத்தின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். 'பார்த்துப்பேன்' என்று அவன் பெருமையாகச் சொல்லிவிடுவானோ என்ற பயம் அவளுக்கு. சொல்லாவிட்டால் ஊர் அவனை என்ன பேசும் என்ற பயமும்.

இங்கே நான் பேனாவை மூடுகிறேன். தலைவர் பிறகு தன் தாளில் ஏதோ எழுதினார். அதைச் சொல்லப்போவதில்லை. அந்தக் குழுவில் நீங்கள் இருந்தால் என்ன எழுதுவீர்களோ, அதுதான் முடிவு. தம்பி சொன்னதை மட்டும் அப்படியே தருகிறேன். ஜட்ஜம்மாவும் இதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

"பார்த்துப்பேன் சார். மூணு மாசம் பார்த்திருக்கேன். தோல் சிவந்திருக்கா, பை நிரம்பிடுச்சா, அதைத்தான் பார்த்தேன். அவ மூஞ்சியைப் பார்க்கல." அவள் பக்கம் திரும்பினான். "எட்டு வருஷமா வாய்வரைக்கும் வரும். நீ தப்பா நினைச்சுப்பேன்னு முழுங்கிடுவேன்." மறுபடி மேடையைப் பார்த்தான். "என்னால முடியாதுன்னு இல்ல சார். எனக்கு அந்த வேலை வேண்டாம். அவளுக்கு ஆள் குடுங்க."