இடது கட்டைவிரலில் போட்ட ஊசி

வலியே இல்லாத இடது கட்டைவிரலில் ஊசி போட்டுக்கொண்ட மறுநாள், காலை பத்தேகாலுக்கு, தையல்கடையில் துணி வெட்டும் கட்டிங் அக்கா தொட்ட துணி மேசையிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பி அங்கேயே நின்றது. சாதாரணச் சட்டைத் துணி, அகலம் ஐம்பத்தெட்டு அங்குலம்.

ஊசி போயிருக்க வேண்டியது வலது விரலில். அதன் அடிமூட்டு தேய்ந்துபோய், கத்தரியை ஒரு தடவை மூடுவதற்குள் அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இன்னொரு வெட்டு கோணலானால் மேசை வேறு ஆளுக்கு என்று முதலாளி சொல்லியும் விட்டார். இருபத்தாறு வருஷ மேசை! அதுவும் போனால் அக்கா எங்கே போவாள்? அலறியடித்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினாள். எந்தக் கை என்று கேட்டதும் இடது என்றாள். அளவெடுக்கிறவர்கள் எதிரே நிற்பவரின் உடம்பை வைத்துத்தான் இடது வலது சொல்வார்கள்; பழக்கதோஷத்தில் எதிரே இருந்த டாக்டரம்மாவின் இடப்பக்கத்தைச் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா அழுத்திப் பார்த்தபோது, ஊசியைக் கண்ட பயத்தில் அக்கா போட்ட கூச்சலை அவர் வலி என்று எடுத்துக்கொண்டார். யாரைக் குறை சொல்வது?

துணி மிதந்ததற்காகக் கடையில் யாரும் வேலையை நிறுத்தவில்லை. இடது விரல் தொட்டிருக்க, கத்தரியைத் திறந்தபடி தள்ளினாலே போதும், வழுக்கிக்கொண்டு போயிற்று. வெட்டென்றால் அப்படியொரு வெட்டு, நூல் பிசகவில்லை! முதலாளி மட்டும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், துணி ஜன்னல் பக்கம் நகர்கிறதாம். ஏழாம் வாரம் உயரம் நாலு விரற்கிடையாகக் குறைந்தது. ஒன்பதாம் வாரம் துணி மேசையை உரசியதும் அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். மறுபடியும் கிளினிக்குக்குப் போனாள்.

"ஐயோ, வலி இந்தக் கையிலயா? தப்புப் பண்ணிட்டேனே அக்கா!" டாக்டரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான மாத்திச் சொன்னேன், நீங்க என்ன பண்ணுவீங்க? அந்தக் கை பாட்டுக்கு நல்லாத்தான் வேலை செஞ்சுது. இப்ப இதுல போடுங்க."

"போடறேன். சில பேருக்கு மாசக்கணக்கா கேக்கும், சில பேருக்குக் கேக்கவே கேக்காது. அடிக்கடியும் போட முடியாது. பொய் சொல்ல மாட்டேன்."

அரிசி நுழையாத அந்த இடுக்கைத் தடவிக் கண்டுபிடித்து, ஒரே குத்தில் ஊசியை இறக்கினார் பாருங்கள், அந்தக் கைக்குத் தங்கக் காப்புதான் போட வேண்டும். ஆனால் மருந்தை அழுத்தும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார். வருஷக்கணக்காக ஊசி அழுத்தி அழுத்தி அவருடைய கட்டைவிரலும் தேய்ந்திருந்தது.

"அடப்பாவமே, உங்களுக்குமா?" என்ற அக்கா, பதிலுக்குக் காத்திராமல், மிச்சமிருந்த மிதப்போடு தன் இடது விரலை ஊசிக்குழாய் மேல் வைத்தாள். மருந்து தானாக இறங்கியது.

நாலாம் நாள் வலி விட்டது. துணி மேசையிலேயே கிடக்க, அக்கா கத்தரியை மூடி மூடி வெட்டினாள். மேசை அவளிடமே இருந்தது. ஐந்து மாதம் கழித்து வலி திரும்பியபோது, டாக்டரம்மா முதல் நாள் இடது விரலில் போட்டார். மறுநாள் அந்த விரலைத் துணைக்கு வைத்துக்கொண்டு வலதில் போட்டார். ஊசிக்காக வரிசையில் இருந்த ஒன்பது பேருக்கும் அக்காவையே ஊசிக்குழாயைத் தொடச் சொன்னார். பிறகு அவளுடைய சீட்டில் எழுதினார்: வலது, வலிக்கு. இடது, டாக்டருக்கு. நர்ஸ் அதைப் படித்துவிட்டு, தேதி போட்டு, கோப்பில் வைத்தாள்.