இரண்டடிச் சுவர்

…சுவர் இரண்டடி கனமாம், வீடு காட்ட வந்த ஏஜென்ட் அம்மாள் ஜன்னல் திட்டில் முழங்கையை வைத்து அளந்தே காட்டிவிட்டாள், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு மில் முதலாளி தன் ஊர் வீட்டைப் போலவே கட்டிக்கொண்டதாம், பழுப்புக் கல், இடையில் சுண்ணாம்புக் காரை, தலைக்கு மேல் ஓக் உத்தரம், ஜன்னலில் ஈயப்பட்டை போட்ட சின்னச் சின்னக் கண்ணாடி… நூறு வருஷமாக ஒரு விரிசல் இல்லை, எல்லாம் சரி, அந்த முதலாளியின் பெண்டாட்டி இதற்குள் யாரோடு பேசினாள்? வங்கியில் வேலை நிரந்தரமானதிலிருந்து கணவர் திருமூர்த்திக்குச் சிரித்த முகம், இரண்டாயிரமாவது வருஷம் பிறப்பதற்குள் சொந்த வீடு என்று ஒரே பிடி. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் ருக்மிணிக்கே சந்தேகம் வந்துவிடும், தான்தான் எதையும் பெரிதுபடுத்துகிறோமோ என்று. "பாத்தியா ருக்கு, வெளில ட்ரக் போகுது, ஏதாவது கேக்குதா? இனிமே எவனும் இப்டி கட்டமாட்டான். நாளைக்கே ஆஃபர் போட்டுடலாம், நீயும் சைன் பண்ணணும்."

கேட்கவில்லைதான். வெளிச் சத்தம் உள்ளே வராதென்றால் உள்ளே நடப்பதும் வெளியே போகாது, இது புரிய ஆர்க்கிடெக்சர் படிக்க வேண்டுமா என்ன? ஜெர்சி சிட்டி அபார்ட்மென்டில் சுவர் என்று பேர்தான், வெறும் அட்டை, இவர் குரல் ஏறியதுமே பக்கத்து வீட்டுப் பவளம் ஆன்ட்டி பெல் அடிப்பாள், "ருக்மிணி, கொஞ்சம் கறிவேப்பிலை இருக்குமா?" அவள் ஜன்னலிலேயே தொட்டி தொட்டியாக வளர்கிறது, அது இவருக்கும் தெரியும், ஓங்கிய கை இறங்கிப்போய் ஃபிரிட்ஜைத் திறக்கும்… இங்கே எந்த ஆன்ட்டி வருவாள்? பக்கத்து வீடே மரங்களுக்கு அந்தப்புறம். பயமாக இருந்தது. வேண்டாமென்று இப்போதே சொல்லிவிடலாம், ஏஜென்ட் எதிரில் கத்தமாட்டார், ஆனால் திரும்பிப் போகும்போது, காரில்?

வெண்பாவைக் காணோம். ஐந்து வயசு, ஒரு நிமிஷம் கண்ணெடுத்தால் போதும். மாடிப்படிக்கு அடியில் கல்லைக் குடைந்தாற்போல ஓர் அறை, கனத்த மரக்கதவு, ருக்மிணி இழுத்துத் திறந்தாள். உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மகள், முகமெல்லாம் சந்தோஷம்.

"அம்மா, ஐ வான்ட் திஸ் ரூம்! யூ கான்ட் ஹியர் அப்பா இன் ஹியர்."

தூங்குகிறாள் என்றல்லவா நினைத்திருந்தாள், ஒவ்வொரு தடவையும் போர்வையை இழுத்துவிட்டு, நல்லவேளை, குழந்தைக்கு எதுவும் தெரியாது என்று… அப்படியானால் அந்த மூடிய கண்கள்? "கெடச்சாளா? வா, டைனிங் ரூம் பாக்கலாம்," ஹாலிலிருந்து அவர் கூப்பிட்டார். வெண்பா அவள் விரலைப் பிடித்து உள்ளே இழுத்தாள். வீடு வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தவளுக்கு, உள்ளே போய் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டால் போதும் என்றிருந்தது.