டிரம்ஸ் இல்லாத பாட்டு

ஆளுயர ஸ்பீக்கரை அக்கா தனியாகவே இழுத்துக்கொண்டிருந்தாள். தரை கீறாமலிருக்க அடியில் போட்ட போர்வை சுருண்டு சுருண்டு வந்தது. தம்பியின் உடலைக் கூடத்துக்குக் கொண்டுவர வேறு வழியில்லை. அறை வாசலின் இரண்டு பக்கமும் அவனுடைய ஸ்பீக்கர்கள்தான் நின்றிருந்தன.

"யாராவது ஆம்பளைங்க வரட்டும்டி," என்றாள் அம்மா.

"நான் பாத்துக்கறேன்."

உட்கார்ந்தால் உடைந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. காலையிலிருந்து கூட்டிய கூடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினாள். வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலுக்கு இரண்டு தரம் போன் செய்து சொன்னதையே சொன்னாள்.

தம்பி ஹெவி மெட்டல் ஆல்பங்களுக்கு விமர்சனம் எழுதுகிறவன். "காட்டுக் கத்தலுக்கெல்லாமாடா மார்க் போடுவாங்க?" என்று அம்மா கேட்டால், "நல்ல கத்தல், சோம்பேறிக் கத்தல்னு ரெண்டு இருக்கும்மா. பிரிச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணாமா?" என்பான். மருத்துவமனை கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் அவன் பிரித்துச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். விரல் தட்டச்சு செய்ய மறுத்ததும் அக்காவை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்தான்.

படிக்கட்டில் கனத்த பூட்ஸ் சத்தம் கேட்டது. கதவருகே ஜடை வந்து நின்றான். பள்ளி நாளிலிருந்து தம்பியின் சிநேகிதன், கிதார் வாசிப்பவன். அந்தப் பட்டப்பெயரைத் தந்த பின்னல் இப்போது பாதி நரைத்திருந்தது.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்கு எட்டிப் பாக்காதவன் இப்ப எதுக்கு வந்தான்?"

அவனுடைய போன ஆல்பத்தைப் பற்றித் தம்பி எழுதியது இதுதான்: 'டிரம்ஸின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும் கிதார். இறங்கி நடக்கத் தைரியம் இருக்கிறதா?' அன்றோடு ஜடை இந்த வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். போன வாரம் அவனுடைய புது ஆல்பம் மட்டும் தபாலில் வந்தது, ஒரு வரி கூட இல்லாமல்.

ஜடை ஸ்பீக்கரின் மறுபுறத்தைப் பிடித்துக்கொண்டான். இருவருமாகச் சுவரோரம் தள்ளினார்கள். நிமிர்ந்தவன் தம்பி படுத்திருந்த கட்டிலைப் பார்த்தான், உடனே பார்வையை எடுத்துக்கொண்டான்.

"ஆல்பத்தைக் கேட்டானா?"

"கேட்டான். நேத்து மத்தியானம்."

"எவ்ளோ போட்டான்?"

அவன் நின்ற நிலை அவளை என்னவோ செய்தது. முதல் தடவை கார் ஓட்டிவிட்டு, தேறினோமா என்று அவள் முகத்தைப் பார்ப்பவர்கள் இப்படித்தான் நிற்பார்கள்.

"ஒம்போது," என்றாள்.

ஜடை தலையை ஆட்டினான். "பொய் சொல்லாதக்கா. ஏழுக்கு மேல அவன் எனக்குப் போட்டதே இல்ல. அவன் என்ன சொன்னானோ அதை அப்படியே சொல்லு."

அவள் போர்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"முதல் மூணு பாட்டும் பழைய சோம்பேறித்தனம்னான். கடைசிப் பாட்டுல நடுவுல டிரம்ஸ் நின்னுடுது இல்ல? அப்ப ஒரு விரலைத் தூக்கிட்டான். இப்ப வரும் பாருன்னு. எனக்கும் கால் பரபரன்னு இருந்துச்சு, வண்டி உருள ஆரம்பிச்சு பிரேக் பிடிக்காத மாதிரி. கிதார் மட்டும் ஒரே சுரத்துல இழுத்துக்கிட்டே போகுது. டிரம்ஸ் வரவே இல்ல. தப்புன்னான்."

"ம்."

"மறுபடி போடுன்னான். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டான். 'தப்புதான்க்கா, ஆனா இந்தத் தப்பை இதுவரைக்கும் யாரும் பண்ணல'ன்னான். எழுதிக்கட்டுமான்னேன். இரு, இன்னொரு வாட்டி கேட்டுட்டுச் சொல்றேன்னான்."

மடித்த போர்வையை உதறி மறுபடி மடித்தாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான். பாதியில..."

ஜடை ஸ்பீக்கரின் வலையில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தான். "டிரம்ஸ் வாசிச்சுப் பதிவே பண்ணியிருந்தேன்க்கா," என்றான். "கடைசி நாள் எடுத்துட்டேன். குழுவுல எல்லாரும் சண்டைக்கு வந்தாங்க. அவன் ஒருத்தன் கேட்டாப் போதும்னு விட்டுட்டேன்."

"வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

அம்மா எழுந்து வந்து, தன் நாற்காலியை அவன் பக்கமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

வண்டி வந்ததும் ஜடையும் இன்னும் மூன்று பேருமாகத் தம்பியைத் தூக்கினார்கள். படிக்கட்டின் திருப்பம் குறுகலாக இருந்தது. "இடது பக்கம், மெதுவா," என்று சொல்லியபடி அக்கா முன்னால் இறங்கினாள்.

கீழ் வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். தம்பியின் பாட்டு உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையைத் தட்டுகிறவர். அவளைப் பார்த்ததும் தயங்கினார்.

"நேத்து அந்தப் பாட்டு மூணாவது வாட்டி பாதியில நின்னுதே..."

அவள் தலையசைத்தாள்.

"மிச்சமும் ஓடும்னு காத்துட்டிருந்தேன்," என்றார்.

தெருக்கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் வகை. அவர் செருப்பில்லாத காலால் ஓடிப்போய் அதைத் திறந்து, முதுகை அதில் அழுத்திக்கொண்டு, எல்லாரும் தாண்டிப் போகும் வரை அப்படியே நின்றார்.