அரைச்சுவர் அமைச்சர்

அக்கா ஒரு நாட்டின் போக்குவரத்து அமைச்சர். அந்த நாடு இணையத்தில் மட்டுமே இருந்தது. இருநூறு பேர் சேர்ந்து விளையாட்டாகத் தொடங்கி, விளையாட்டு என்பதையே பிறகு மறந்துபோன நாடு. பிரதமர் நிஜத்தில் மருந்துக்கடை வைத்திருந்தார். நிதியமைச்சர் கல்லூரி மாணவி; கைச்செலவுக்கு அப்பாவிடம் கையேந்துகிறவள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அக்கா பகலெல்லாம் கூரியர் அலுவலகத்தில் பார்சல்களை எடைபோட்டுச் சீட்டு ஒட்டுவாள். மாலையில் வீட்டுக்கு வந்து, இல்லாத ஊருக்குப் பேருந்துத் தடம் வரைவாள். எந்த நிறுத்தத்தில் நிழற்குடை, எந்த வளைவில் வண்டி திரும்பத் திணறும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அலுவலகத்தில் அவளை 'மூணாம் கவுண்டர்' என்பார்கள். இங்கே 'அமைச்சர் அவர்களே'.

தம்பியையும் அவள்தான் குடிமகனாகச் சேர்த்துவிட்டாள். அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் கணக்கியல் வகுப்பு. அந்த நாட்டில் அவன் வைத்துக்கொண்ட பெயர் 'கடைசி பெஞ்ச்'. பதவி எதுவும் கேட்கவில்லை. கேட்டாலும் யார் கொடுக்கப்போகிறார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொள்வான்.

வாரந்தோறும் அங்கே கருத்துக்கணிப்பு உண்டு. 'தராசு' என்ற பெயரில் ஒருவர் நடத்துவார். ஒவ்வொரு அமைச்சருக்கும் நேராக 'திருப்தி', 'திருப்தி இல்லை'. அதன் கீழே ஒரு வரி எழுத இடம். எழுதியவர் யார் என்பது தராசுக்கே தெரியாது. ஞாயிறு மாலைக் கூட்டத்தில் முடிவு வரும். அப்போது, தனக்கு வந்ததிலேயே கடுமையான வரியை அமைச்சரே தன் வாயால் வாசித்துப் பதில் சொல்ல வேண்டும். பாராட்டு வரிகளை யாரும் வாசிப்பதில்லை. பதவியில் இருப்பவர்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடக் கூடாதாம். திருப்தி தொடர்ந்து இரண்டு வாரம் பாதிக்குக் கீழே இறங்கினால் பதவி போய்விடும்.

அக்காவுக்கு அப்படி ஒரு பயமே இருந்ததில்லை. குத்தலான வரியைக்கூட அவள் வாசிக்கும் விதத்தில் எழுதினவனே சிரித்துவிடுவான்.

அந்த வாரம் தம்பிக்குத் தேய்மானக் கணக்கு பிடிபடவில்லை. அக்கா ஒரு காலத்தில் அதைப் படித்தவள் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். பாதிக் கணக்கில் அவளுடைய போன் அதிர்ந்தது. அவசர அமைச்சரவைக் கூட்டம். இதோ வந்துவிடுகிறேன் என்று எழுந்து போனவள், பேருந்துக் கட்டணம் குறித்து மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்ததைச் சுவருக்கு இந்தப்பக்கம் இருந்து அவன் கேட்டான். மறுநாள் வகுப்புத் தேர்வில் அந்தக் கணக்குதான் வந்தது. கோட்டைவிட்டான்.

வீட்டுக்கு வந்த கையோடு கருத்துக்கணிப்பைத் திறந்தான். போக்குவரத்துக்கு நேராக 'திருப்தி இல்லை'. கீழே எழுதினான்: "பாதிச் சுவருக்கு வண்ணம் பூசிவிட்டு, தூரிகையைக் காயவிட்டுப் போகிறவர்."

அவர்கள் வீட்டுச் சமையலறையில் அப்படி ஒரு சுவர் இருந்தது. இடுப்புயரம் வரை புது இளம்பச்சை, அதற்கு மேலே பழைய புகைக்கறை. அக்கா ஆரம்பித்து அப்படியே நின்றுபோன வேலை. வரி நன்றாக வந்திருப்பதாக அவனுக்குப் பட்டது. ஒன்றுக்கு இரண்டு முறை படித்துப் பார்த்து அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், தராசு அந்த வரியைத்தான் அக்காவிடம் கொடுத்தார். அவள் குரல் முதலில் சுவர் வழியாகவும், ஒரு நொடி பிந்தி காதில் மாட்டியிருந்த ஹெட்போன் வழியாகவும் அவனுக்கு வந்தது. "பாதிச் சுவருக்கு..." என்றவள் நின்றாள். அந்த மௌனமும் அவனுக்கு இரண்டு தடவை கேட்டது. பிறகு முழுதும் வாசித்தாள். வழக்கமான சிரிப்பு இல்லை.

"உண்மைதான். ஆரம்பிச்சேன், முடிக்கல. முடிக்கப் பாக்கறேன்."

அவ்வளவுதான் பதில். பிரதமர் 'அருமையான உவமை' என்று திரையில் தட்டிவிட்டார். கைதட்டல் படங்கள் வரிசையாக விழுந்தன. அத்தனை பேரும் அதை உவமை என்றே நினைத்தார்கள். தம்பிக்குக் காது மடல் சுட்டது.

மறுநாளே அக்காவுக்கு 'அரைச்சுவர்' என்று பெயர் விழுந்தது. அவள் முன்பு எப்போதோ தொடங்கிக் கிடப்பில் போட்டதையெல்லாம் ஆளாளுக்குத் தோண்டினார்கள். அடுத்த கணிப்பில் அறுபத்து நான்கு சதவீதத்தில் இருந்த திருப்தி நாற்பத்தேழுக்கு இறங்கியது. ஒரு வரியால் இப்படி ஆகும் என்று அவன் எண்ணவில்லை. எண்ணாமல்தான் எழுதினேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாப்பிடும்போது அக்கா எப்போதும்போல வகுப்பைப் பற்றி விசாரித்தாள். அவள் தலைக்குப் பின்னால் அந்தச் சுவர் இருந்தது. அவன் தட்டைப் பார்த்தே பதில் சொன்னான்.

அவள் எழுந்து போன பிறகு, அக்கா ஏன் அதைப் பாதியில் விட்டாள் என்று அம்மாவிடம் கேட்டான்.

"அவ எங்க விட்டா? பெயின்ட் வாசம் மண்டையப் பொளக்குது, பரீட்சைக்குப் படிக்க முடியலன்னு நீதானே குதிச்ச. உன் பரீட்சை முடியட்டும்னு மூடி வெச்சா. உனக்கு ஒண்ணு முடிஞ்சா அடுத்த பரீட்சை வந்துடுது."

அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவன் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து பார்த்தான். பெயின்ட் டப்பா இறுக மூடியிருந்தது. பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய தூரிகை. பிரித்துத் தொட்டான். சுத்தமாகக் கழுவி வைத்திருந்தாள். மயிர் மெத்தென்று இருந்தது.

அதற்கடுத்த வாரக் கணிப்பில் 'திருப்தி' போட்டான். கீழே, சுவர் நின்றுபோனதற்குக் காரணம் அமைச்சர் அல்ல, வீட்டில் இருக்கும் ஒரு நன்றிகெட்டவன் என்று எழுதி அனுப்பினான். மனசு கொஞ்சம் லேசானது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தொடங்கிய பிறகுதான் அவன் புத்தியில் உறைத்தது: நல்ல வரியை இங்கே யாரும் வாசிக்க மாட்டார்கள். அக்கா வேறு எவனோ எழுதியதை வாசித்தாள். "அரைச்சுவரே, மிச்சம் எப்போ?"

திருப்தி நாற்பத்தைந்து. பதவி போயிற்று. அக்கா நன்றி சொன்னாள். அந்த நாட்டின் தீவு ஒன்றுக்கு வரைந்துகொண்டிருந்த பேருந்துத் தடத்தில் கடைசி மூன்று நிறுத்தங்கள் பாக்கி, வருகிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வெளியேறினாள்.

அவன் சமையலறைக்குப் போனபோது அவள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த முதல் வரி... நான் எழுதினது."

"தெரியும்." அவள் திரும்பவில்லை. "நம்ம வீட்டுச் சுவத்த வேற எந்தக் குடிமகன் பாத்தான்?"

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை.

"தம்பிக்காகத்தான் நிறுத்தினேன்னு நீ அங்கயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அக்கா குழாயை மூடினாள்.

"வேற எவனாவது எழுதியிருந்தா நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டிருப்பான். எழுதினது நீயாச்சே. கூடவே இருந்து பாக்கறவன் சொல்றான், நான் அப்படித்தான் போலன்னு நெனச்சுட்டேன்."

அவன் குனிந்து அலமாரியைத் திறந்து தூரிகையை எடுத்தான். டப்பாவின் மூடியை நெம்புவதற்குக் கரண்டி தேடினான்.

"இப்ப வேணாம்டா," என்றாள் அக்கா, கையைத் துடைத்தபடி. "நாளைக்கு உனக்குப் பரீட்சை இல்ல?"

இருந்தது.